உண்ணியும் 28 நாளும்

திருநெல்வேலியில் நாயைத் தூக்கிக்கொண்டு வைத்தியத்துக்குப் போகிற ஆளை நிறுத்தி "எங்கடே?" என்று கேட்டால், "மாட்டாஸ்பத்திரிக்கு" என்பான். பூனையைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவரும் அதையேதான் சொல்வார். 'கால்நடை மருந்தகம்' என்று பலகை எழுதி வைத்து எவ்வளவோ காலம் ஆயிற்று. யார் வாயிலும் அது ஏறவில்லை. எனக்கு இந்தச் சொல்லின் மேல் ஒரு மரியாதை உண்டு. ஒரு துறையின் நூறு வருட வரலாற்றை அது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. அந்த ஆஸ்பத்திரி மாட்டுக்காகத்தான் கட்டப்பட்டது. நாய் பின்னால் வந்து வரிசையில் நின்றது.

சென்னை மாகாணத்தில் சிவில் கால்நடைத் துறை 1892-ல் தொடங்கியது. வெள்ளைக்காரனுக்கு விலங்கு வைத்தியம் என்றால் முதலில் குதிரை, அதுவும் பட்டாளத்துக் குதிரை. அடுத்தது உழவு மாடு. வெக்கை நோய் வந்தால் ஒரு கிராமத்துத் தொழுவமே ஒரு வாரத்தில் காலியாகும். மாடு செத்தால் ஏர் நிற்கும், ஏர் நின்றால் தீர்வை நிற்கும். தாமிரபரணிப் பாசனத்தில் ரெண்டு பூ விளைகிற நஞ்சையில் உழவு மாடு என்பது வருமானக் கணக்கின் ஒரு பகுதி. 1903-ல் சைதாப்பேட்டையில் 20 மாணவர்களோடு ஆரம்பித்து, பிறகு வேப்பேரிக்கு மாறிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இந்தக் கவலையிலிருந்துதான் பிறந்தது. 1936-ல் அது பட்டப்படிப்பாக உயர்ந்தது. வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல், அதுவும் நம் தமிழ்நாட்டில். 2011-ல் உலகத்திலிருந்தே அது ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மனிதன் முழுசாக ஒழித்த நோய்கள் மொத்தமே ரெண்டு. பெரியம்மை ஒன்று, இந்த மாட்டு வெக்கை இன்னொன்று. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இந்தக் கதையில் நாய் எங்கே? அரசாங்கத்தின் கண்ணில் நாய் பட்டது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான், வெறி. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தது நாய்க்காக அல்ல, நாய் கடித்த மனிதனுக்காக. நாய்க்கு நோய் வந்தால் அது நாய் வைத்திருக்கிறவன் பாடு.

இத்தனைக்கும் நாயைப் பற்றிப் பெருமை பேசுவதில் தென் தமிழ்நாட்டுக்காரனை மிஞ்ச முடியாது. பாஞ்சாலங்குறிச்சிக்கு இடம் பார்த்த கதையே நாயில் தொடங்குகிறது. வேட்டை நாய்களை ஒரு முயல் எதிர்த்துத் துரத்தியதாம், அந்த மண்ணில் என்னமோ வீரம் இருக்கிறது என்று அங்கேயே கோட்டை கட்டினார்களாம். கோட்டைக்குக் காரணமான முயலைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். ஓடிப்போன நாய்களுக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை என்று இன்றைக்கு இன்ஸ்டாகிராமில் தனித்தனிப் பக்கங்கள் ஓடுகின்றன. 2005-ல் ராஜபாளையம் நாய் தபால்தலையில் வந்தது. தேசிய அளவில் பதிவான நாட்டு நாய் இனங்களின் முதல் வரிசையில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இருக்கின்றன. ஒட்டின வயிறும் நீண்ட காலுமாக நிற்கிற அந்தப் படங்களில் நான் முதலில் பார்ப்பது காது மடலின் உள்பக்கம். அங்கேதான் உண்ணி இருக்கும்.

நதியுண்ணி என்று எங்கள் ஆற்றில் ஒரு கால்வாய் உண்டு, அம்பாசமுத்திரம் பக்கம். நதியை உண்பதால் அது நதியுண்ணி. ரத்தத்தை உண்பது வெறும் உண்ணி. ஊரில் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நாயை மடியில் போட்டு உண்ணி பொறுக்குவது ஒரு பொழுதுபோக்கு. பக்கத்தில் ஒரு சிரட்டையில் மண்ணெண்ணெய் இருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதில் போடுவார்கள். வேப்பெண்ணெய் தடவுவார்கள், மஞ்சள் பத்துப் போடுவார்கள். இதெல்லாம் பூச்சிக்குச் செய்கிற வேலை. பூச்சி விட்டுவிட்டுப் போகிற சரக்குக்கு வைத்தியம் இல்லை. நாய் ரெண்டு நாள் சாப்பிடாது, மூக்கில் ரத்தம் வரும். "சூடு" என்பார்கள். ஈறு வெளுக்கும், மூலையில் போய்ப் படுக்கும். பிறகு ஒருநாள் காலையில் தோட்டத்தில் குழி வெட்டுவார்கள். என் சின்ன வயசில் எங்கள் தெருவில் இப்படிச் செத்த நாய்களை எண்ணிச் சொல்ல என் ரெண்டு கை போதாது. ஒன்றுக்கும் நோயின் பெயர் கிடையாது.

பெயர் முதலில் கிடைத்தது அல்ஜீரியாவில். 1935-ல் அங்கிருந்த பாஸ்டர் நிலையத்தில் தொனாசியன், லெஸ்தோகார் என்ற ரெண்டு பிரெஞ்சுக்காரர்கள், உண்ணி மொய்த்துக் காய்ச்சலில் விழுந்த நாய்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளணுவுக்குள் கொத்தாக ஏதோ உட்கார்ந்திருந்தது. சாதாரண பாக்டீரியாவைப் போல வெளியே திரியாமல், நம்மைக் காக்க வேண்டிய அணுவின் உள்ளேயே குடியிருக்கிற ஜாதி. பின்னாளில் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக்கின் நினைவாக அதற்கு எர்லிகியா கேனிஸ் என்ற பெயர் நிலைத்தது. இந்தியாவில் இதைப் பற்றிய முதல் பதிவு என்று ஆய்வாளர்கள் காட்டுவது 1944-ல் சென்னையிலிருந்து முதலியார் எழுதியதை. அல்ஜீரியாவுக்கு அடுத்த ஒன்பதாவது வருடம். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு ஆள் இங்கே உட்கார்ந்து நாய் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் சிலிர்க்கும். ஆனால் அப்போது அவரால் நோயைப் பார்க்கத்தான் முடிந்திருக்கும். அதைத் தீர்க்கிற மருந்து அப்போது உலகத்திலேயே கிடையாது.

மருந்து வந்த வழியில் நம்மூர் சம்பந்தம் ஒன்று உண்டு. பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரம் அப்போது சென்னை மாகாணம். கதர் உடுத்தியதால் அறுவைசிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். அமெரிக்கா போனார். 1940-களில் லெடர்லே என்ற மருந்து கம்பெனியின் ஆராய்ச்சியை நடத்தியது அவர்தான். அவர் தன் குழுவில் சேர்த்துக்கொண்டவர்களில் ஒருவர் பெஞ்சமின் டக்கர், பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்று எழுபது வயதைத் தாண்டிய தாவரவியல்காரர். வேலை, மண் பார்ப்பது. பல ஊர்களிலிருந்து மண் வரவழைத்து அதில் முளைக்கிற பூஞ்சை மாதிரியான உயிர்களைச் சோதிப்பது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் சான்பர்ன் வயலிலிருந்து வந்த ஒரு பிடி மண்ணில் தங்க நிறத்தில் ஒன்று வளர்ந்தது. அது சுரந்த பொருள் பல கிருமிகளைக் கொன்றது. பென்சிலின் தொட முடியாத, அணுவுக்குள் ஒளிந்திருக்கிற ஜாதிகளும் அதில் அடங்கும். நிறத்தை வைத்து ஆரியோமைசின் என்று பெயரிட்டார்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுதான். 1948-ல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது, அதே வருடம் ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். யானைக்கால் நோய்க்கு இன்றைக்கும் ஊரெல்லாம் கொடுக்கிற மாத்திரையும் அவர் குழுவின் வேலைதான். நாய்களுக்கு வரும் இதயப்புழுவைத் தடுக்கவும் அதைப் பல வருடம் கொடுத்தார்கள்.

இங்கே கதை ரெண்டாகப் பிரிகிறது. அதே லெடர்லேயில் தாமஸ் ஜூக்ஸும் ஸ்டோக்ஸ்டாடும் கோழிக்குஞ்சுகளுக்குச் சத்து தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கையில் பி12 இருக்கும் என்று அதைத் தீனியில் கலந்துபார்த்தார்கள். குஞ்சுகள் கணக்குக்கு மேல் எடை போட்டன. சக்கையில் ஒட்டியிருந்த கொஞ்சூண்டு மருந்துதான் அதற்குக் காரணம் என்று 1950-ல் வெளியே வந்தது. அன்றிலிருந்து ஆன்டிபயாட்டிக் என்பது நோய்க்கு மருந்து மட்டுமல்ல, தீனிக்கு உரமும் ஆயிற்று. இதன் ஆபத்தை 1969-லேயே பிரிட்டனில் ஸ்வான் குழு எழுதிவைத்தது. ஐரோப்பாவில் எடை கூட்டுவதற்காகக் கொடுப்பதை முழுக்க நிறுத்த 2006 ஆயிற்று. இந்தியாவில், மனிதனுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிற கோலிஸ்டினைக் கோழிக்கும் மீனுக்கும் மாட்டுக்கும் கொடுக்கக்கூடாது என்று 2019-ல்தான் தடை வந்தது. ஒரே கம்பெனி, ஒரே பீப்பாய். ஒரு குழாயில் மருந்து, இன்னொரு குழாயில் தீனி.

நாய்க் கதைக்கு வருவோம். இந்த நோயை உலகம் பயந்து பார்த்தது வியட்நாம் போரில்தான். 1960-களில் முதலில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நாய்கள் மூக்கில் ரத்தம் ஒழுகிச் செத்தன. பிறகு வியட்நாமில் அமெரிக்கப் படையின் ஜெர்மன் ஷெப்பர்டுகள். 1968-லிருந்து ரெண்டு மூணு வருடத்தில் நூற்றுக்கும் மேல் போயின. நம்மூர்த் தெருநாய் பலதும் தாங்கிக்கொண்டு நடமாடுகிற நோயில் அந்தப் பெரிய நாய்கள் சரிந்து விழுந்தன. ரத்த அணுக்கள் எல்லாமே வற்றிப்போவதால் அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்து ஆராய்ந்தார்கள். கடைசியில் அது அல்ஜீரியாக்காரர்கள் பார்த்த பழைய ஆசாமியேதான். டெட்ராசைக்ளின் கொடுத்தார்கள், கேட்டது. வராமல் தடுக்கவும் தினம் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனாலும் போர் முடிந்தபோது, அங்கே வேலை செய்த நாலாயிரம் நாய்களில் ஊர் திரும்பியவை சுமார் 200. மற்றவை திரும்பாததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த நோய் அமெரிக்காவுக்குள் வந்துவிடக்கூடாது என்பதும் ஒன்று.

1967-ல் டாக்ஸிசைக்ளின் புழக்கத்துக்கு வந்தது. அதே குடும்பத்தில் இளையது. உடம்பில் நெடுநேரம் தங்கும், அணுவுக்குள் நன்றாக நுழையும். இன்றைக்குத் தாமிரபரணிக் கரையில் உண்ணிக் காய்ச்சல் என்று ஒரு நாயைக் கொண்டுபோனால் பெரும்பாலும் சீட்டில் எழுதுவது அதைத்தான். 2002-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ வல்லுநர்கள் கூடி ஒரு கணக்கு சொன்னார்கள். நாயின் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு, 28 நாள். உலகம் முழுக்க அநேகமாக அந்தக் கணக்குதான் ஓடுகிறது.

இந்த 28 என்ற எண் இருக்கிறதே, அதில்தான் எல்லா வம்பும்.

எங்கள் மணிக்கு இது வந்தபோது பார்த்தேன். கன்னியும் தெருவும் கலந்த கலப்பு. ரெண்டு நாள் சோறு தொடவில்லை, மூணாம் நாள் மூக்கில் ரத்தம். ரத்தத் தட்டணு 38 ஆயிரம். குறைந்தது 2 லட்சம் இருக்கவேண்டிய இடத்தில். டாக்டர் எடை கேட்டார். வீட்டுத் தராசில் நான் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தேன், 19 கிலோ. "பெரும்பாலும் யாரும் இதக் கொண்டுவர மாட்டாங்க, பாத்தா இருபது இருக்கும்னுவாங்க" என்றார். சீட்டு எழுதினார். 28 நாளைக்கு ஒரே தடவையில் வாங்கினேன், அஞ்சஞ்சாக வாங்கினால் அஞ்சோடு நின்றுவிடும் என்று தெரியும். மருந்துக்கடை அண்ணாச்சி ஒருமாதிரிப் பார்த்தார். "நாய்க்கா? அம்புட்டுமா?"

ரெண்டாம் நாள் மணி தண்ணீர் குடித்தது. நாலாம் நாள் மீன் தலைக்குக் குரைத்தது. அஞ்சாம் நாள் அத்தை வந்தாள்.

"அதான் எந்திச்சிட்டுல்லா. பெறவு என்னத்துக்கு மாத்திரையத் திணிச்சுக்கிட்டுக் கெடக்க? குடல் வெந்துரும் கேட்டியா."

"28 நாள் அத்த."

"நாய்க்கு மண்டலக் கணக்கா? நல்லாருக்கு போ."

அத்தை சொன்னது முட்டாள்தனம் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற நோய் போய்விட்டது. காய்ச்சலும் ரத்தமும் ரெண்டு மூணு நாளிலேயே அடங்குவது இந்த மருந்தின் குணம். ஆனால் எர்லிகியாவின் குணம் வேறு. முதல் காய்ச்சல் அடங்கிய பிறகு அது மண்ணீரலில் போய் மாதக்கணக்கில், சிலசமயம் வருடக்கணக்கில், சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கும். நாய் ஓடும், சாப்பிடும், குட்டி போடும். ஒருநாள் எலும்பு மஜ்ஜையே வற்றி விழும். அந்தக் கட்டத்தில் எந்த மருந்துக்கும் உத்தரவாதம் இல்லை. 28 நாள் என்பது கண்ணுக்குத் தெரியாத அந்த ரெண்டாம் கட்டத்தைத் துரத்துவதற்கு.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மிடம் இது குழம்பிக் கிடக்கிறது. 'கோர்ஸை முடிக்கணும்' என்பதற்கு எல்லாரும் சொல்கிற காரணம், முடிக்காவிட்டால் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்பது. இது 1945-ல் நோபல் பரிசு மேடையில் அலெக்சாண்டர் பிளெமிங் சொன்ன கதையின் நிழல். தொண்டை வலிக்குப் போதாத அளவு பென்சிலின் எடுத்த ஒருவரின் கிருமி பழக்கப்பட்டு, மனைவிக்குத் தொற்றி, அவர் சாவதாக ஒரு கற்பனைக் கதை சொல்லி எச்சரித்தார். அவர் பயந்தது குறைந்த டோஸை. அது எப்படியோ 'குறைந்த நாள்' என்று ஆகிவிட்டது. 2017-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு குழு இதைக் கேள்வி கேட்டு எழுதியது. பல சாதாரணத் தொற்றுகளில் நாள் கூடக் கூடத்தான் உடம்பிலிருக்கிற மற்ற கிருமிகள் எதிர்க்கப் பழகுகின்றன, குறைந்த நாள் போதும் என்கிற பக்கம் ஆதாரம் சேர்கிறது என்றார்கள். நான் இந்தக் கட்சி. எல்லாவற்றுக்கும் ஒரே மந்திரம் கிடையாது. நாயின் தோல் புண்ணுக்கு ஒரு கணக்கு, மூத்திரத் தொற்றுக்கு ஒரு கணக்கு, உண்ணிக் காய்ச்சலுக்கு 28. எந்தக் கணக்கு என்பதைச் சீட்டு எழுதினவர் சொல்ல வேண்டும். அத்தையும் சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது. நடுவில் நிறுத்தலாமா என்று சந்தேகம் வந்தால் ஒரு போன் அடித்துக் கேட்டால் போயிற்று.

அடுத்த வம்பு பால். நம் வீடுகளில் நாய்க்கு மாத்திரை என்றால் கை தானாகப் பாலுக்குப் போகும், இல்லையென்றால் தயிர்ச்சோற்று உருண்டைக்கு. டெட்ராசைக்ளின் குடும்பம் முழுக்க சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் ரத்தத்தில் ஏறாமல் வெளியே போய்விடும். மனிதர்களிடம் பார்த்ததில், பாலோடு எடுத்தால் பழைய டெட்ராசைக்ளின் பாதிக்கு மேல் வீண். டாக்ஸியில் சேதம் குறைவு, ஐந்தில் ஒரு பங்கு போல. ஆனால் தட்டணு 38 ஆயிரத்தில் நிற்கிறபோது ஐந்தில் ஒரு பங்கை எதற்கு விட வேண்டும்? கால்சியம் டானிக்கும் இரும்புச் சத்து டானிக்கும் இதே வேலையைத்தான் செய்யும். ரத்தம் குறைந்த நாய்க்கு இரும்பு டானிக்கும் சேர்த்து எழுதியிருந்தால், ரெண்டுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு ஆற்றுப் பாசனம் கைகொடுத்தது. கதலிப் பழம். ஒரு விரல்கடைத் துண்டில் மாத்திரையைச் செருகினால் மணி மெல்லாமல் விழுங்கியது. அல்வாவில் வைக்கிற ஆட்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். சீனியும் நெய்யும் நோயாளி வயிற்றுக்கு எதற்கு, அல்வாவை நாம் தின்போம்.

மாத்திரையைக் காய்ந்த தொண்டையில் தள்ளிவிட்டு வாயை அமுக்கிப் பிடிப்பதும் கூடாது. டாக்ஸிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கும். பூனைக்கு இது மோசம், குழாய் சுருங்கி எதுவுமே இறங்காமல் போன பூனைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. மாத்திரை போனதும் ஒரு வாய் சோறு, இல்லையென்றால் ஊசியில்லாத சிரிஞ்சில் அஞ்சு மில்லி தண்ணீர், கன்னத்து ஓரமாக, மெதுவாக. நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போகும். மாட்டுக்கு மூங்கில் குழாயில் கஷாயம் புகட்டுகிறவர்களுக்கு இது தலைமுறை அறிவு. தலையை ரொம்பத் தூக்கக்கூடாது, நாக்கை இழுத்துப் பிடிக்கக்கூடாது, இருமினால் உடனே விட்டுவிட வேண்டும். நாய்க்கு வரும்போது அதே ஆள் அவசரப்படுகிறார். ஒருவேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் கொடுக்கலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதோடு சேர்த்து ரெண்டாகக் கொடுக்கக்கூடாது. வாந்தியோ பேதியோ நிற்காமல் போனால், முகம் வீங்கினால், டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

வீட்டு டப்பாவில் மிஞ்சிக்கிடக்கிற மாத்திரை என்று ஒன்று உண்டு. தாத்தா சளிக்கு வாங்கினது, தங்கச்சி முகப்பருவுக்கு வாங்கினது. முகப்பருவுக்கும் டாக்ஸிதான் எழுதுவார்கள் என்பதால் 'அதே மாத்திரைதானே' என்ற எண்ணம் வரும். காலாவதியான டெட்ராசைக்ளின் மனிதர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்ததை 1963-லேயே எழுதியிருக்கிறார்கள். காய்ச்சல் என்று அதே டப்பாவிலிருந்து பாரசிட்டமால் எடுத்துப் பூனைக்குக் கொடுத்தால் ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும். ஐபுபுரூபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். நாய்க்குக் காய்ச்சல் அடித்தால் மனிதக் காய்ச்சல் மாத்திரை என்பது எங்கள் பக்கம் சர்வசாதாரணம்.

இதெல்லாம் ஒரு நாயைப் பற்றிய கவலை மட்டும் இல்லை. நம் பத்திரிகைகளில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று போடுகிறார்களே, மனிதர்களுக்கு வருவது, அது வேறு. ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது உண்ணிகூட அல்ல, புதரில் இருக்கிற அதைவிடச் சின்னப் பூச்சியின் குஞ்சு. தமிழில் ரெண்டுக்கும் ஒரே பெயர் விழுந்துவிட்டது. ஆனால் அதற்கும் முதல் மருந்து டாக்ஸிசைக்ளின்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வில், நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸியோடு அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியில் ஏற்றினால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாகக் கேட்கிறது என்று கண்டு 2023-ல் வெளியிட்டார்கள். எலிக்காய்ச்சலுக்கும் இதே மாத்திரைதான். மலையடிவாரத்தில் வயலுக்குப் போய் வருகிற ஒரு பொம்பளைக்கும், அவள் பின்னாலேயே போகிற நாய்க்கும் ஒரே கடையில், ஒரே அட்டையில் மருந்து. எர்லிகியா இந்த மருந்துக்குப் பெரிதாக அசைந்து கொடுக்காமல் போனதாகச் செய்தி இல்லை. கவலை அதைப் பற்றி அல்ல. நாயின் குடலிலும் தோலிலும் இருக்கிற மற்ற கிருமிகள்தான் பாடம் படிக்கின்றன. அந்த நாய் நம் கையை நக்குகிறது, திண்ணையில் படுக்கிறது, பிள்ளைகளோடு புரளுகிறது.

2012-ல் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் சென்னைக்கோ நாமக்கல்லுக்கோ போய்ப் படித்தார்கள். இப்போது நம்மூர்ப் பிள்ளைகள் நம்மூர்லயே கால்நடை வைத்தியம் படிக்கிறார்கள். காத்திருக்கிற இடத்தில் ஆடும் லாப்ரடாரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற காட்சியைப் பார்த்தால், 1892-ல் ஆரம்பித்த துறைக்கு இப்போதுதான் எல்லாரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று தோன்றும். பெயர் இன்னும் மாட்டாஸ்பத்திரிதான்.

மணிக்கு நாள்காட்டித் தாளில் 28 கட்டம் போட்டுக் கிழித்தோம். பதினாலாம் நாள் ரத்தம் பார்த்தபோது தட்டணு 1 லட்சத்து 60 ஆயிரம். முடிந்த பிறகு 2 லட்சத்து 40 ஆயிரம். அத்தை ரிப்போர்ட்டை வாங்கி, கண்ணாடி போட்டுப் பார்த்து, "இது எனக்கு இருக்கதவிடக் கூடல்லா" என்றாள். அது உண்மையும்கூட, அவளுக்கு அந்த வருடம் டெங்கு வந்து போயிருந்தது.

டாக்டர் அன்றைக்குச் சொன்னது வேறு. இந்த மருந்து திரும்ப வராமல் காக்காது. ஒரு முறை வந்ததால் நாய்க்கு எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது என்றும் இல்லை. நோயுள்ள ஒரு உண்ணி கடித்தால் மறுபடி முதலிலிருந்து. வீட்டைப் பாருங்கள் என்றார். நாயின் மேல் தெரிகிற உண்ணி கொஞ்சம்தான். இந்தப் பழுப்பு உண்ணி மற்ற ஜாதிகளைப் போலப் புல்லில் காத்திருக்காது, வீட்டுக்குள் குடித்தனம் பண்ணும். ரத்தம் குடித்து உப்பின பெட்டை உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் ஏறி, விரிசலில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டை போட்டுவிட்டுச் சாகும். மாதக்கணக்கில் பட்டினி கிடக்கவும் அதற்குத் தெரியும். எங்களுடையது சுண்ணாம்புச் சுவர் வீடு, தாத்தா காலத்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். மணி படுக்கிற இடத்துக்கு மேலே, நிலைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த கீறலில், எள் அளவில் ஒரு வரிசை மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கொத்தனாரை வரச் சொல்லி போன் பண்ணினேன்.